எலுமிச்சைக்கும் செம்பருத்திக்கும் உரமிடும் முறை

நமது விருதுநகர் மாவட்டத்திலே கொல்லைப்புறத்தில் ஓர் எலுமிச்சை மரமும் வாசலில் ஒரு செம்பருத்திச் செடியும் இல்லாத வீடுகள் குறைவு. தறி வீட்டு அங்கத்தினருக்கு அவை பூசைக்கும், கூந்தல் தைலத்திற்கும், ஊறுகாய்க்கும் உதவுவன. பயிரிடும் அங்கத்தினருக்கோ எலுமிச்சை ஒரு வருவாய்ப் பயிர். நட்ட மூன்றாம் நான்காம் ஆண்டில் காய்க்கத் தொடங்கி, நன்கு பேணினால் பல ஆண்டுகள் பலன் தரவல்லது. கோடையில் அதன் விலை ஏறுவதை நாம் அறிவோம். நமக்குத் தெற்கே புளியங்குடி, எலுமிச்சைச் சந்தையினாலேயே பெயர் பெற்று விளங்குகிறது.

இருந்தும் நமது கரிசல் பகுதியில் இவ்விரண்டும் பல இடங்களில் மஞ்சள் பூத்து, இலை சிறுத்து, நுனி கருகி, நாளடைவில் பட்டுப்போகின்றன. இலை வெளுத்தவுடன், "மரத்திற்கு உரம் போதவில்லை" என்று எண்ணி யூரியாவையோ டி.ஏ.பி.யையோ மேலும் மேலும் இடுவது வழக்கமாக இருக்கிறது. இதனால் கைப்பணம் செலவாவதோடு, பிழைத்திருக்க வேண்டிய மரமும் சில வேளைகளில் மாண்டுபோகிறது. பசியினால் வாடுபவனுக்கும் வாய்ப்பூட்டு இடப்பட்டமையால் வாடுபவனுக்கும் முகவாட்டம் ஒன்றுதான், மருந்து வேறு. நமது மண்ணிலே நிற்கும் எலுமிச்சையின் நிலை பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அஃது எவ்வாறு என்பதையும், அதற்குத் தக்க உரமுறை யாது என்பதையும் இக்கட்டுரையில் விளக்குவோம்.

மண்ணின் இயல்பு

நமது மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரி சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பது. எஞ்சிய மாதங்களில் வெயிலும் வறண்ட காற்றுமே ஆட்சி செய்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகளில் செம்மண் உண்டு. சாத்தூர், அருப்புக்கோட்டை, காரியாபட்டி, திருச்சுழிப் பக்கங்களில் பெரிதும் காணப்படுவது கரிசல்.

கரிசல் மண் வளமற்றதன்று. பருத்தியும் கம்பும் மல்லியும் மிளகாயும் அதில் விளைவதே அதற்குச் சான்று. ஆனால் அதில் சுண்ணாம்பு மிகுதி. கிணறு வெட்டும்பொழுது வெளிப்படும் வெண்மையான சுக்காங்கல் அச்சுண்ணாம்பே ஆகும். சுண்ணாம்பு மிகுந்த மண் காரத்தன்மை உடையது. மண்ணின் கார அமில நிலையை அளக்கும் கணக்கில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். நமது கரிசல் பல இடங்களில் 8க்கு மேல் நிற்கிறது. எலுமிச்சையும் செம்பருத்தியும் விரும்புவதோ சற்றே அமிலமான அல்லது நடுநிலையான மண்.

உங்கள் மண்ணில் சுண்ணாம்பு உண்டா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு பிடி காய்ந்த மண்ணைப் பொடித்து ஒரு தட்டில் இட்டு, அதன்மேல் சிறிது காடியை ஊற்றுங்கள். சுர்ரென்று நுரைத்தால் சுண்ணாம்பு மிகுதி என்று கொள்ளலாம். இது திட்டமான அளவைக் காட்டாது எனினும், எந்த வழியில் செல்ல வேண்டும் என்பதைக் காட்டும்.

இரும்பு இருந்தும் கிட்டாமை

இலை பச்சையாக இருப்பதற்கு இரும்புச்சத்து இன்றியமையாதது. நமது மண்ணில் இரும்புக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் செடியின் வேர் திடப்பொருளை உண்பதில்லை. நீரில் கரைந்ததையே உறிஞ்சுகிறது. காரநிலை ஒரு படி உயர்ந்தால், கரைந்து கிடைக்கும் இரும்பு சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பது ரசாயன நூலார் கண்ட உண்மை. ஆகவே 6 என்னும் நிலையிலிருந்து 8 என்னும் நிலைக்கு ஏறிய மண்ணில், இரும்பு கண்ணெதிரே இருந்தும் வேருக்கு எட்டாததாகிறது. துத்தநாகமும் மாங்கனீசும் இவ்வாறே அருமையாகின்றன. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள காரவுப்புக்கள் இத்தொல்லையை மேலும் வளர்க்கின்றன.

இது நமக்கு மட்டும் உரிய இடர்ப்பாடு அன்று. இஸ்ரேல் நாட்டிலும், ஸ்பெயினிலும், அமெரிக்காவின் அரிசோனா, கலிபோர்னியா பாலைப்பகுதிகளிலும் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் இதே மஞ்சள் நோயுடன் போராடி வந்துள்ளனர். 1950களின் தொடக்கத்தில் பிளாரிடாவின் ஆராய்ச்சியாளர்கள், இரும்பை ஒரு கரிமப் பொருளோடு பிணைத்துத் தந்தால் அது மண்ணில் சிக்காமல் வேரைச் சென்றடையும் என்று தோட்டங்களில் செய்து காட்டினர். இவ்வாறு பிணைக்கப்பட்ட சத்துக்குக் கீலேட் என்று பெயர். அவர்கள் பயன்படுத்திய ஈ.டி.டி.ஏ. என்னும் வகை அமில மண்ணுக்கு ஏற்றது. சுண்ணாம்பு மண்ணிலோ அது பிணைப்பு அறுந்து இரும்பைக் கைவிட்டுவிடும். பின்னர் வந்த ஈ.டி.டி.ஹெச்.ஏ. என்னும் வகையே நம்முடையது போன்ற கார மண்ணில் நிலைத்து நிற்கவல்லது. கடையில் "இரும்புச் சத்து" என்று பொதுவாகக் கேட்டு வாங்குவோர் இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் நலம். ஈ.டி.டி.ஏ. வகையை இலைமேல் தெளிக்கலாம். நமது மண்ணில் இடுவது வீண்.

இலை கூறும் செய்தி

உரமிடுமுன் இலையை நோக்குக. எந்த இலை, எவ்வாறு மஞ்சளாகிறது என்பதே முதற்கேள்வி.

முதிர்ந்த அடியிலைகள் முழுவதும் ஒரே சீராக வெளுத்தால் அது தழைச்சத்துக் குறைவு. இதற்கு யூரியா தக்கது.

இளங்கொழுந்துகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் வலை பின்னியதுபோலப் பச்சையாகத் தெரிந்தால் இரும்புக் குறைவு. இதற்கு யூரியா இடுவது பயனற்றது.

புதிய இலைகள் சிறுத்துக் குறுகி, கணுக்கள் நெருங்கி, நரம்புகளுக்கிடையே திட்டுத்திட்டாக வெளுத்தால் துத்தநாகக் குறைவு. எலுமிச்சையில் இது மிகச் சாதாரணம்.

முதிர்ந்த இலையின் இருபக்கமும் மஞ்சளாகி, காம்பின் அருகே மட்டும் கூம்பு வடிவில் பச்சை எஞ்சி நின்றால் மக்னீசியக் குறைவு.

இலையின் நுனியும் ஓரமும் தீய்ந்ததுபோலப் பழுப்பேறினால், அது பெரும்பாலும் உப்பின் கேடு. இந்நிலையில் எந்த ரசாயன உரமும் மேலும் தீங்கே செய்யும்.

அடைமழைக்குப் பின் மரம் முழுவதும் சோர்ந்து மஞ்சளானால், கரிசலில் நீர் தேங்கி வேர் மூச்சுவிட வழியின்றித் தவிக்கிறது என்று பொருள். அங்கே செய்ய வேண்டியது நீரை வடிப்பதே.

உப்பின் கேடு

நெல்லிக்காயோ எலுமிச்சையோ ஊறுகாய் போடும்பொழுது, உப்பைத் தூவியதும் காயிலிருந்து நீர் வெளிவருவதை நமது இல்லங்களில் அனைவரும் கண்டிருப்பர். ரசாயன உரங்களில் பெரும்பாலானவை உப்புக்களே. காய்ந்த மண்ணில், சித்திரை வெயிலில், வேரின்மேல் உரத்தை இட்டால், அது வேருக்கு ஊட்டுவதற்குப் பதில் வேரிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. ஈரம் இல்லாத மண்ணில் உரம் இடலாகாது என்னும் விதி இதனால் ஏற்பட்டது.

கிணற்று நீரே உப்பானால் நிலைமை இன்னும் கடினம். மண்சாற்றின் மின்கடத்துத் திறனைக் கொண்டு உப்பின் அளவை மதிப்பிடுவர். பருத்தி அவ்வளவையில் 7.7 வரை விளைச்சல் குன்றாது தாங்கும். எலுமிச்சை இனங்களோ ஏறத்தாழ 1.5 முதல் 1.8 வரையே தாங்கவல்லவை. எனவே, "இந்தத் தண்ணீரில் பருத்தி நன்றாக விளைந்ததே, எலுமிச்சை ஏன் வராது?" என்று எண்ணித் தோப்பு வைப்பது பெரும் நஷ்டத்தில் முடியக்கூடும். கன்று வாங்குமுன் நீரைப் பரிசோதிப்பதே முறை. அச்செலவு, நான்காண்டு காத்திருந்து இழப்பதினும் மிகச் சிறிது.

உப்பு நீரன்றி வேறு நீர் இல்லாதவர்கள், நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பதை விடுத்து, இடைவெளி விட்டு வேராழம் வரை நனையுமாறு பாய்ச்ச வேண்டும். மேலோட்டமான நீர் வெயிலில் ஆவியாகி உப்பை மேலேயே விட்டுச் செல்கிறது. ஆழப் பாய்ச்சிய நீர் உப்பைக் கீழே தள்ளுகிறது. மழைநீரை மரத்தடிப் பாத்தியில் தேக்கி இறங்கவிடுவது இதற்குச் சிறந்த மருந்து. ஆயினும் அது ஓரிரு நாளில் வடிந்துவிட வேண்டும்.

எலுமிச்சைக்குரிய அளவு

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை பின்வருமாறு. நட்ட முதலாண்டில் மரமொன்றுக்குத் தொழு உரம் 10 கிலோ, தழைச்சத்து 200 கிராம், மணிச்சத்து 100 கிராம், சாம்பல்சத்து 100 கிராம். பின்னர் ஆண்டுதோறும் படிப்படியாக உயர்த்தி, ஆறாம் ஆண்டு முதல் தொழு உரம் 30 கிலோ, தழைச்சத்து 600 கிராம், மணிச்சத்து 200 கிராம், சாம்பல்சத்து 300 கிராம் என்னும் அளவை இட வேண்டும். தழைச்சத்தை மார்ச்சு, அக்டோபர் மாதங்களில் இரண்டாகப் பகிர்ந்து இடுவதும், ஏனையவற்றை அக்டோபரில் ஒரே தடவையாக இடுவதும் முறை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 600 கிராம் தழைச்சத்து என்பது 600 கிராம் யூரியா அன்று. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கே தழைச்சத்து. ஆகவே ஆறாண்டு மரத்திற்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 1,300 கிராம் யூரியா; அதாவது தடவைக்கு 650 கிராம். மணிச்சத்து 200 கிராமுக்கு, நூற்றுக்கு 16 பங்கு உள்ள சூப்பர் பாஸ்பேட் 1,250 கிராம் வேண்டும். சாம்பல்சத்து 300 கிராமுக்கு, நூற்றுக்கு 60 பங்கு உள்ள மியூரியேட் ஆப் பொட்டாஷ் 500 கிராம் வேண்டும். இக்கணக்கின்படி 45 கிலோ யூரியா மூட்டை ஒன்று, வளர்ந்த மரங்கள் முப்பத்துநான்கிற்கு ஓராண்டு முழுவதும் போதுமானது. பத்து மரங்களுக்கு ஒரு மூட்டையைக் கொட்டுவோர் தமது பணத்தையும் மரத்தையும் ஒருங்கே இழப்பவராவர்.

உப்பு நீர் பாயும் தோட்டங்களில் மியூரியேட்டுக்குப் பதிலாக சல்பேட் ஆப் பொட்டாஷ் 600 கிராம் இடுக. மியூரியேட்டில் குளோரைடு உண்டு. எலுமிச்சை இனம் அதனைப் பொறுப்பதில்லை. அவ்வாறே யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட் கிடைக்குமாயின் கரிசலுக்கு அது உகந்தது. அது மண்ணைச் சற்று அமிலப் பக்கம் சாய்க்கும், கந்தகச் சத்தும் தரும். ஆனால் அதில் தழைச்சத்து நூற்றுக்கு 20.6 பங்கே ஆதலின், ஆண்டுக்கு 2,900 கிராம் தேவைப்படும்.

டி.ஏ.பி.யை வழக்கமாக வாங்குவோர் ஒன்றைக் கருதுக. அதில் நூற்றுக்கு 46 பங்கு மணிச்சத்து. ஆண்டுதோறும் அதனை மிகையாக இட்டு வந்தால், மண்ணில் சேர்ந்த மணிச்சத்து இரும்பையும் துத்தநாகத்தையும் செடிக்குக் கிட்டாமல் தடுக்கும். ஏற்கெனவே பூட்டப்பட்ட கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் இட்டதாக முடியும்.

இடும் முறை

அடிமரத்தை ஒட்டி உரத்தைக் குவிப்பது தவறு. உண்ணும் வேர்கள் அங்கில்லை. தூரிலிருந்து ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் தள்ளி, கிளைகளின் நிழல் விழும் எல்லை வரை வட்டமாகக் கொத்தி, மக்கிய எருவுடன் உரத்தைக் கலந்து, மண்ணால் மூடி, உடனே நீர் பாய்ச்சுக. யூரியாவை மூடாமல் மேலே தூவினால், வெப்பமும் காரமும் மிக்க மண்ணில் அது அம்மோனியா ஆவியாக மாறிக் காற்றில் போய்விடும். நமது நாட்டில் 2015 முதல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு இட வேண்டும் என்று விதி செய்யப்பட்டுள்ளது. அப்பூச்சு உரம் மெதுவாகப் பயன்பட உதவும். எனினும் மூடாமல் விட்ட யூரியாவை அதுவும் காப்பாற்றாது.

தூரைச் சுற்றிச் சிறு மண் அணை எழுப்பி, பாய்ச்சும் நீர் அடிமரத்தைத் தொடாதவாறு செய்க. நீர் தொட்டுக்கொண்டே இருந்தால் பட்டை அழுகிப் பிசின் வடியும் நோய் உண்டாகும். மார்ச்சுத் தவணையை, நீர் உறுதியாக உள்ளவர்கள் மட்டுமே இட வேண்டும். கிணறு வற்றும் நிலையில் உள்ளவர்கள் அதனை நிறுத்திவைத்து, மழை கண்டபின் இடுவதே அறிவுடைமை.

பாத்தியின்மேல் பருத்திமார், கடலைத் தொலி, பனையோலை முதலியவற்றை நான்கு விரற்கடை கனத்திற்குப் பரப்புக. கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடித்து வேர்களை அறுக்கும்; மூடாக்கு அதனைத் தடுக்கும். நாளடைவில் அதுவே மக்கி எருவுமாகும். மக்கும்பொழுது உண்டாகும் இயற்கை அமிலங்கள் சிறிதளவு இரும்பை விடுவித்து வேருக்குத் தருகின்றன. நமது முன்னோர் கண்மாய் வண்டல் அடித்ததும், கிடை போட்டதும், கொளுஞ்சியை மிதித்ததும் வீண் வழக்கங்கள் அல்ல. சுண்ணாம்பு மண்ணில் ரசாயன உரம் பயன் தருவதற்கு மக்கிய எருவே வழித்துணை. வண்டல் எடுக்க விரும்புவோர் உரிய அனுமதி பெற்றே எடுத்தல் வேண்டும்.

அன்னபேதியும் துத்தநாகமும்

இரும்புக் குறைவுக்கு மலிவான மருந்து அன்னபேதி. கடுக்காயோடு சேர்த்து நூலுக்குக் கருஞ்சாயம் ஏற்றும் முறையை அறிந்த நெசவாளருக்கு இது பழைய நண்பன். ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி என்பது இலைமேல் தெளிக்கும் அளவு. ஆனால் நமது கிணற்று நீரில் அதனை நேரே கரைத்தால், சிறிது நேரத்தில் துருவாகி அடியில் தங்கிவிடும். ஆகவே முதலில் நீரை அமிலமாக்குதல் வேண்டும். லிட்டருக்கு 1 கிராம் சிட்ரிக் அமிலம் போதும். அது கிடைக்காவிடில் 20 மில்லிலிட்டர் எலுமிச்சைச் சாறே அவ்வேலையைச் செய்யும். பத்து லிட்டர் நீருக்கு எட்டு பத்துப் பழங்களின் சாறும் 50 கிராம் அன்னபேதியும் கணக்கு. முதலில் சாறு, பின்னர் அன்னபேதி என்னும் வரிசை மாறலாகாது.

நல்ல அன்னபேதி இளம்பச்சை நிறமாயிருக்கும். செங்காவி நிறம் ஏறியது துருப்பிடித்தது, பயன்படாது. கரைத்தவுடன், வெயில் தாழ்ந்த மாலையில், இளந்தளிர்களின் இருபுறமும் படுமாறு தெளிக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாள் விட்டு மீண்டும் தெளிக்க வேண்டும். ஒரு தடவையில் முடியும் காரியம் அன்று, ஏனெனில் பின்னர் வரும் தளிர்களுக்கு முன்னர் தெளித்தது செல்லாது. நூல் உலர்த்தும் இடத்தின் அருகே தெளிக்க வேண்டா. துணியிலோ நூலிலோ பட்டால் துருக்கறை போவதரிது.

துத்தநாகக் குறைவுக்கு, லிட்டருக்கு 5 கிராம் வீதம் துத்தநாக சல்பேட்டைக் கரைத்து, புதிய தளிர் விட்டபின் மார்ச்சு, ஜூலை, அக்டோபர் ஆகிய மூன்று மாதங்களிலும் தெளிக்குமாறு பல்கலைக்கழகம் கூறுகிறது. இரும்பையும் துத்தநாகத்தையும் வெவ்வேறு நாளில் தெளிப்பது நல்லது.

கந்தகம் இட்டு மண்ணைத் திருத்தலாமா?

கந்தகம் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களால் அமிலமாக மாறிக் காரத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ கந்தகம் ஏறத்தாழ மூன்று கிலோ சுண்ணாம்புக் கல்லைத் தீர்க்கும். ஓர் ஏக்கரில் அரையடி ஆழ மண் சுமார் 900 டன் எடை. அதில் நூற்றுக்கு 5 பங்கு சுண்ணாம்பு இருந்தால் 45 டன். அதனைத் தீர்க்கக் கந்தகம் 14 டன்னுக்கு மேல் வேண்டும். இது எவராலும் இயலாது. ஆகவே நிலம் முழுவதையும் மாற்ற முயல்வது வீண்செலவு. நடும் குழியிலும், மரத்தைச் சுற்றி வெட்டும் சிறு பள்ளங்களிலும், மக்கிய எருவோடு சிறிது கந்தகத்தையும் அன்னபேதியையும் கலந்து இட்டு, வேர் உண்பதற்கு ஏற்ற சில இடங்களை மட்டும் அமைத்துத் தருவதே நடைமுறைக்கு உகந்தது. ஈரம் இருந்தாலன்றிக் கந்தகம் வேலை செய்யாது என்பதும் நினைவிலிருக்கட்டும்.

கந்தகம் என்றவுடன் சிவகாசி வட்டார அங்கத்தினர்களுக்கு ஓர் எச்சரிக்கை கூறக் கடமைப்பட்டுள்ளோம். வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட் உரமாகவும் பயன்படுவது உண்மையே. 13:0:45 என்று எழுதி உரக்கடையில் விற்கப்படுவது அதுதான். இதனால், பட்டாசு, தீப்பெட்டித் தொழிற்கூடங்களில் மிஞ்சிய மருந்தோ கூட்டிய தூசியோ செடிக்கு உரமாகும் என்று சிலர் எண்ணக்கூடும். இது உயிருக்கே அபாயமானது. அத்தூசி ஒரு பொருள் அன்று. பல மருந்துகள் கலந்தது. உராய்வினாலேயே தீப்பற்றவல்லது. அதில் கலந்திருக்கக்கூடிய பேரியம் உப்பு நஞ்சு. பட்டாசில் அதனைப் பயன்படுத்த 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தீப்பெட்டி மருந்திலுள்ள குளோரேட்டு உப்பு செடியைக் கொல்லும் இயல்புடையது. அவ்வினத்தைச் சேர்ந்த சோடியம் குளோரேட்டு களைக்கொல்லியாகவே பயன்பட்டிருக்கிறது. எனவே உரக் கந்தகத்தையும் பொட்டாஷ் நைட்ரேட்டையும் முத்திரையிட்ட உரப்பையாக மட்டுமே வாங்குங்கள். மருந்து இருந்த சாக்கில் உரத்தையோ, உரத்தின் அருகில் மருந்தையோ வைக்காதீர்கள்.

சாயப்பட்டறை, வெளுப்புப் பட்டறை நீரும் இவ்வகையில் சேர்ந்ததே. சாயம் பிடிக்கச் சேர்த்த உப்பும் சோடாவும் அதில் மிகுதி. நீர்ப் பஞ்ச காலத்தில் அதனைக் கொல்லை மரத்திற்கு ஊற்றுவது மரத்திற்கு இறுதிச் சடங்கு செய்வதை ஒக்கும்.

செம்பருத்தி

செம்பருத்தி, பருத்தி இனத்தைச் சேர்ந்த குடும்பச் செடி. வெண்டையும் பூவரசும் அதன் உறவினர். பூவின் நடுவே மகரந்தத் தாள்கள் ஒன்றுகூடிக் குழல்போல் நிற்பதைக் கண்டால் அவ்வுறவு தெளிவாகும். ஆயினும் பருத்தியைப்போல் அது உப்பையும் வறட்சியையும் தாங்குவதில்லை.

நிலத்தில் நிற்கும் வளர்ந்த செடிக்கு ஆடியிலும் ஐப்பசியிலும் ஒரு கூடை மக்கிய எருவும் இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் இட்டு மூடி, நீர் பாய்ச்சினால் பெரும்பாலும் போதும். இளங்கொழுந்து மஞ்சளானால் எலுமிச்சைக்குக் கூறிய அன்னபேதிக் கரைசலையே தெளிக்கலாம். முதலில் ஒரு கிளையில் தெளித்து, இரண்டு நாள் பார்த்து, கருகவில்லையெனில் முழுவதும் தெளிப்பது பாதுகாப்பு. "பூக்கும் உரம்" என்று விற்கப்படும் மணிச்சத்து மிக்க உரங்களைச் செம்பருத்திக்குத் தவிர்க்கவும். அதற்கு வேண்டுவது அளவான தழைச்சத்தும் சற்றே மிகுந்த சாம்பல்சத்தும்.

தழைச்சத்து மிகையானால் செடி கொழுத்துத் தளிர்க்கும், பூ குறையும், அசுவினியும் மாவுப்பூச்சியும் வந்தேறும். பருத்தியைத் தாக்கும் மாவுப்பூச்சி செம்பருத்தியிலும் தங்கி வாழ்வது. ஆகவே பருத்தி நிலத்தருகே செம்பருத்தி வைத்திருப்போர் அதனை அடிக்கடி பார்த்து, பூச்சி கண்ட கிளைகளை வெட்டி எரித்துவிடுவது அண்டை நிலத்தாருக்கும் செய்யும் உதவி.

தொட்டியில் வளர்ப்போர் கவனிக்க வேண்டியது உப்புத் தேக்கம். தொட்டியின் விளிம்பில் வெண்மையாக உப்புப் பூத்தால் உரத்தை நிறுத்தி, அடித்துளை வழியே நீர் நன்கு ஓடுமாறு மழைநீரையோ நல்ல நீரையோ இரண்டு மூன்று முறை ஊற்றிக் கழுவ வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கது

நமது சங்கங்களின் கிடங்குகளில் யூரியாவும் டி.ஏ.பி.யும் கிடைக்கின்றன. ஆனால் கரிசல் நிலத்து மரத்திற்கு மேலும் வேண்டுவன அன்னபேதி, துத்தநாக சல்பேட், சல்பேட் ஆப் பொட்டாஷ், ஈ.டி.டி.ஹெச்.ஏ. இரும்பு ஆகியவை. கடைசியாகக் கூறியது விலை மிக்கது. ஒரு மரம் வைத்திருப்பவர் முழுப் பொதியை வாங்குவது கட்டுப்படியாகாது. மரத்திற்குச் சிற்றளவே தேவையாதலால், பத்துப் பதினைந்து அங்கத்தினர்கள் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொருவருக்கும் செலவு சிறிதாகும். தனியொருவரால் ஆகாததைப் பலர் கூடி ஆக்குவதுதானே கூட்டுறவின் பொருள்!

மண்ணையும் நீரையும் பரிசோதிப்பதிலும் இவ்வாறே. 2015இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தின்கீழ் கார அமில நிலை, உப்பின் அளவு, இரும்பு, துத்தநாகம் முதலிய விவரங்கள் அட்டையில் தரப்படுகின்றன. அட்டையைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டுப் பழைய வழக்கப்படியே மூட்டை வாங்குவதால் பயனில்லை. உரம் வாங்க வரும்பொழுது அட்டையையும் உடன் கொண்டுவருக. அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஐயமுள்ளோர் நோயுற்ற கிளையொன்றை இலையோடு எடுத்துச் சென்று காட்டி ஆலோசனை பெறலாம்.

ஐப்பசி மழை தொடங்குமுன் ஒவ்வோர் அங்கத்தினரும் செய்ய வேண்டுவன மூன்று: மண்ணையும் நீரையும் சோதித்தல், இலையைப் பார்த்துக் குறையை அறிதல், மக்கிய எருவைச் சேர்த்து வைத்தல். இம்மூன்றும் முடிந்தபின்னர் உரமூட்டையின் வாயைப் பிரிக்கலாம். அவ்வாறு செய்வோரின் மரம் கோடையிலும் பச்சை மாறாது நிற்கும்; கடன் வாங்கி இட்ட உரமும் கைக்கு வருவாயாகத் திரும்பும்.